சிம்மாசனத்தில் உட்காராத ஆயர்: தூர் நகர மார்ட்டின், தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்

மறைக்கல்வி வகுப்புக்குப் போனவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். குளிர்காலம், ஒரு நகர வாசல், உடம்பில் துணியில்லாமல் நடுங்குகிற ஏழை ஒருவர், குதிரைமேல் ஒரு படைவீரர். வீரர் தன் மேலாடையை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுக்கிறார். பிரான்சின் தூர் நகரத்து மார்ட்டின் என்றால் நம்மில் பலருக்கு அவ்வளவுதான் தெரியும். வேறு சிலர் பெயரைக் கேட்டதும் துடைப்பத்தோடு நிற்கும் மார்ட்டின் தெ போரஸை நினைத்துக்கொள்வார்கள். அவர் பெரு நாட்டின் லீமாவில் வாழ்ந்தவர், இவருக்குச் சுமார் 1,200 ஆண்டுகள் பிந்தியவர்.

மேலாடைக் கதை நல்ல கதைதான், கீழே சொல்கிறேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு வெகுநாள் கழித்து நடந்த விஷயங்கள். துறவியாக இருந்தால் போதும் என்று நினைத்த ஒருவரை ஏமாற்றிக் கூட்டிவந்து ஆயராக்கினார்கள், அவர் ஆயர் வேலையையும் பார்த்தார், துறவியாகவும் கடைசி மூச்சுவரை இருந்தார். இன்று துறவற சபையிலிருந்து ஒருவரை ஆயராக நியமித்தால் யாருக்கும் ஆச்சரியமில்லை. 4-ஆம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய நெருப்பையும் பஞ்சையும் ஒரே பெட்டியில் வைப்பது மாதிரி. ஏன் அப்படி என்று முதலில் பார்த்துவிடலாம், அது புரியாமல் மார்ட்டினைப் புரிந்துகொள்ள முடியாது.

கத்தோலிக்கர்கள் ஆயர் என்பார்கள், சி.எஸ்.ஐ. சபையினர் பேராயர் என்பார்கள், பேச்சில் எல்லாருக்கும் பிஷப். கிரேக்க மூலச்சொல்லுக்கு மேற்பார்வை பார்ப்பவர் என்று பொருள். ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், வீரர்கள் வந்தால் முதலில் பிடித்துக்கொண்டு போவது ஆயரைத்தான். 313-ல் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் வழிபாட்டு உரிமை கொடுத்தபிறகு நிலைமை தலைகீழாக மாறியது. ஆயர் முன்னால் வழக்குகள் வந்தன, ஏழைகளுக்கான பணம் அவர் கையில் வந்தது, குருக்களுக்கு வரிச்சலுகை கிடைத்தது, பேரரசரின் அரசு வண்டிகளில் ஏறி ஆயர்கள் மாநாடுகளுக்குப் போனார்கள். ஒரே தலைமுறையில் இவ்வளவும்.

துறவி கதை வேறு. நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்கிறோமே, 356-ல் இறந்த எகிப்து நாட்டு அந்தோணியார், அவரைப் போன்றவர்கள் சொத்தைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனார்கள். 'துறவி' என்பதற்கான கிரேக்கச் சொல் 'தனி' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பதவி, குடும்பம், பேர், புகழ் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை ஆயர் பதவி ஒரு கண்ணி. துறவி தப்பியோட வேண்டியது இரண்டு பேரிடமிருந்து, ஒன்று பெண், இன்னொன்று ஆயர் என்று அவர்களிடையே ஒரு பழமொழியே இருந்தது. ஆயர் கண்ணில் பட்டால் பிடித்துக் குருவாக்கிவிடுவார், அப்புறம் தனிமை போச்சு. எகிப்தில் அம்மோனியுஸ் என்ற துறவியை ஆயராக்க ஊர்மக்கள் வந்தபோது, அவர் தன் காதையே அறுத்துக்கொண்டார் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது, ஊனமானவரைக் குருவாக்க மாட்டார்கள் என்று. அந்த அளவுக்குப் பயம்.

சரி, இப்போது மார்ட்டின்.

பிறந்தது பன்னோனியா மாநிலத்தின் சபாரியா நகரில், இன்று அது ஹங்கேரியில் உள்ள சொம்பத்ஹேய். அப்பா ரோமப் படையில் அதிகாரி, பழைய ரோமத் தெய்வங்களை வணங்கியவர். 'மார்ட்டின்' என்ற பெயரே போர்த் தெய்வமான மார்ஸின் பெயரிலிருந்து வந்தது. பிறந்த ஆண்டை 316 என்றும் 336 என்றும் இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள், இருபது வருட இடைவெளி, சின்ன விஷயமில்லை. அவரை நேரில் பார்த்து வாழ்க்கை வரலாறு எழுதிய சுல்பிசியுஸ் செவேருஸ் சொல்லும் வரிசைப்படி போனால் படையில் கொஞ்ச வருடங்களே இருந்திருக்க வேண்டும். இருநூறு வருடம் கழித்து அதே தூர் நகரின் ஆயராக இருந்த கிரகோரி தரும் வயதுக் கணக்கை ஏற்றால் இருபது வருடத்துக்கு மேல் வாள் பிடித்தவராகிறார்.

வளர்ந்தது இத்தாலியின் பவியாவில். பத்து வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் பாலைவனத் துறவியாகப் போக ஆசை. ஆனால் படைவீரர்களின் மகன்கள் படையில் சேர வேண்டும் என்று ஆணை இருந்தது, பையனுக்குப் பதினைந்து வயதானபோது பெற்ற அப்பாவே காட்டிக்கொடுத்தார், சங்கிலி போட்டுக் கூட்டிப் போனார்கள். படையில் அவருக்கு ஒரு பணியாள் இருந்தார். அந்தப் பணியாளின் காலணிகளைக் கழற்றித் துடைத்துக் கொடுப்பது மார்ட்டின். சாப்பிடும்போதும் பெரும்பாலும் இவர்தான் பரிமாறுவாராம்.

இப்போது அந்த வாசல். இடம் வடக்கு பிரான்சின் அமியேன். அந்த வருடம் குளிர் வழக்கத்தைவிடக் கடுமை, ஊரில் பலர் விறைத்தே செத்துப் போனார்கள். வாசலில் துணியில்லாத ஏழை போகிறவர் வருகிறவரையெல்லாம் கெஞ்சுகிறார், யாரும் நிற்கவில்லை. மார்ட்டினிடம் கொடுக்கவும் ஒன்றுமில்லை, மற்ற உடைகளை ஏற்கெனவே வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று, ஆயுதமும் ஒரே ஒரு மேலாடையும்தான் மிச்சம். அதை வாளால் நடுவே அறுத்து ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தான் சுற்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், அறுபட்ட உடையில் அவர் கோலம் அப்படி இருந்தது. வேறு சிலருக்கு நெஞ்சு கனத்தது, அவரைவிட நிறைய வைத்திருந்தும் நாம் கொடுக்கவில்லையே என்று. சுல்பிசியுஸ் இந்த இடத்தில் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, அது பின்னால் ஓவியர்கள் கொண்டுவந்து நிறுத்தியது. குதிரை இல்லாமல் இந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடித்திருக்கிறது, இருவரும் ஒரே மண்ணில், முகத்துக்கு முகம் நிற்கிறார்கள்.

அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதித் துணியைப் போர்த்தியிருந்தார், சுற்றியிருந்த வானதூதர்களிடம், இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத மார்ட்டின் எனக்கு இதை உடுத்தினான் என்றார். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில், மிகச் சிறியவர் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்வாரே, அதுதான் இங்கே ஒரு துணியாக வந்து நிற்கிறது. மார்ட்டின் பதினெட்டு வயதில் திருமுழுக்குப் பெற்றார்.

படையைவிட்டு வெளியேறியது ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகருக்குப் பக்கத்தில். போருக்கு முன்னால் வீரர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மார்ட்டின் முறை வந்தது. இதுவரை உமக்குப் படைவீரனாக இருந்தேன், இனி கடவுளுக்கு இருக்க விடும், நான் சண்டையிடக் கூடாது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர் யூலியன், பின்னாளில் பேரரசரானவர். பயந்தாங்கொள்ளி, நாளைக்குச் சண்டை என்றதும் சாமி பேரைச் சொல்கிறான் என்று யூலியனுக்குக் கோபம். அப்படியானால் நாளை ஆயுதமில்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்றார் மார்ட்டின். காவலில் வைத்தார்கள். மறுநாள் எதிரிகள் சமாதானம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள், அவர் நிற்க வேண்டிய தேவை வரவில்லை.

அதற்கப்புறம் சில வருடங்கள் அலைச்சல், அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போய்த்தியே நகர ஆயர் ஹிலாரியிடம் போய்ச் சேர்ந்தார், ஊருக்குத் திரும்பி அம்மாவைக் கிறிஸ்தவராக்கினார், அப்பா கடைசிவரை மாறவில்லை. அது ஆரியுஸ் என்ற குருவின் கருத்தால் திருச்சபை இரண்டாகப் பிளந்திருந்த நேரம். (இந்தக் கட்சியினரைத் தமிழில் 'ஆரியர்' என்று எழுதினால் அர்த்தமே மாறிவிடும், ஆரியுஸ் கட்சி என்றே வைத்துக்கொள்வோம்.) மகன் தந்தைக்குச் சமமான கடவுள் அல்ல, படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் வாதம். 325-ல் நிசேயா சங்கம் அதைத் தள்ளியும் அரண்மனை ஆதரவு பல வருடம் அவர்கள் பக்கமே இருந்தது. எதிர்த்துப் பேசிய ஹிலாரியை 356-ல் நாடு கடத்தினார்கள், மார்ட்டினைப் பொது இடத்தில் சாட்டையால் அடித்தார்கள், மிலானிலிருந்தும் விரட்டினார்கள். இத்தாலியின் கல்லினாரியா என்ற சின்னத் தீவில் கிழங்கையும் வேரையும் தின்று வாழ்ந்தபோது ஒரு விஷச்செடியைத் தின்று சாகக் கிடந்தார். 360-ல் ஹிலாரி திரும்ப அனுமதி கிடைத்தது, இவரும் அவரைத் தேடிப் போனார். அடுத்த ஆண்டு, போய்த்தியேவிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி லிகுஜே என்ற இடத்தில் ஒரு குடில். ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், மடமாகிவிட்டது. அன்றைய கால்லியாவின், அதாவது இன்றைய பிரான்சின், முதல் துறவு மடம் அதுதான் என்பார்கள். இப்போதும் அங்கே பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கிறார்கள்.

பத்து வருடம் அங்கே நிம்மதியாக இருந்தார். 371-ல் தூர் நகர ஆயர் பதவி காலியானது.

அப்போதெல்லாம் ஆயரை ரோமிலிருந்து நியமிப்பதில்லை, ஊர்மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், பக்கத்து ஊர் ஆயர்கள் வந்து அருள்பொழிவு செய்வார்கள். தூர் மக்களுக்கு மார்ட்டின்தான் வேண்டும். கேட்டால் வரமாட்டார் என்றும் தெரியும். ருஸ்திசியுஸ் என்ற ஊர்க்காரர் மடத்துக்குப் போய், என் மனைவிக்கு ரொம்ப முடியவில்லை என்று காலில் விழுந்து அழுதார். நோயாளி என்றால் மார்ட்டின் கிளம்பிவிடுவார் அல்லவா, கிளம்பினார். வழியெல்லாம் ஆட்கள் தயாராக நின்றார்கள், கிட்டத்தட்டக் கைதியைக் கொண்டுபோவது போல நகருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாத்துத் தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்று ஒரு கதை உண்டே, அது சுல்பிசியுஸ் எழுதியதில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது.

வந்திருந்த ஆயர்கள் சிலருக்கு இவரைப் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: முகம் லட்சணமாக இல்லை, உடை அழுக்கு, தலைமுடி கேவலம், இப்படிப்பட்டவர் ஆயராகத் தகுதியில்லை. முன்னால் நின்று எதிர்த்தவர் பெயர் தெஃபென்சோர். அன்று வாசகம் படிக்க வேண்டியவர் கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்துசேர முடியவில்லை, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் திருப்பாடல் நூலை எடுத்துக் கண்ணில் பட்ட வரியைப் படித்தார். அது 8-ஆம் திருப்பாடல், குழந்தைகளின் வாயிலிருந்து புகழ்ச்சி வரும், பகைவனையும் பழிவாங்குபவனையும் ஒடுக்குவாய் என்று வரும் இடம். அவர்கள் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் 'பழிவாங்குபவன்' என்ற இடத்தில் இருந்த சொல் 'தெஃபென்சோர்'. கூட்டம் ஓவென்று கத்தியது. அதற்கு மேல் எதிர்க்க யாருக்கு வாய் வரும்? மார்ட்டின் ஆயரானார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆயரான பின்னும் அவர் உடை மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. கோயிலில் ஆயருக்கென்று உயர்ந்த ஆசனம் உண்டு, கிரேக்கத்தில் 'கதேத்ரா', பேராலயத்தைக் கதீட்ரல் என்று சொல்வதே அந்த நாற்காலி அங்கே இருப்பதால்தான். அந்த ஆசனத்தில் மார்ட்டின் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. நாட்டுப்புறத்தில் வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, மூன்று கால் முக்காலி, அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்த முக்காலியோடு சேர்ந்த ஒரு சம்பவம் இருக்கிறது, மேலாடைக் கதையைவிட எனக்கு இது நெருக்கமானது. பனிக்காலம், மார்ட்டின் கோயிலுக்குப் போகும் வழியில் உடையில்லாத ஏழை ஒருவர் துணி கேட்கிறார். மார்ட்டின் தலைமைத் திருத்தொண்டரைக் கூப்பிட்டு, இவருக்கு உடனே உடை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய் அமர்கிறார். திருத்தொண்டர் தாமதிக்கிறார். ஏழை பொறுத்துப் பார்த்துவிட்டு நேராக மார்ட்டினின் அறைக்குள்ளேயே வந்து, குளிர்கிறது, உங்கள் ஆள் ஒன்றும் தரவில்லை என்று அழுகிறார். மார்ட்டின் மேலங்கிக்கு உள்ளே கைவிட்டுத் தன் உள்ளாடையை உருவி அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார், யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் திருத்தொண்டர் வருகிறார், மக்கள் காத்திருக்கிறார்கள், பூசைக்கு நேரமாயிற்று என்கிறார். முதலில் ஏழைக்கு உடை வரட்டும், அதுவரை நான் வர முடியாது என்கிறார் மார்ட்டின். ஏழை என்று சொன்னது தன்னைத்தான்! வெளியே மேலங்கி இருப்பதால் உள்ளே வெறும் உடம்பு என்று திருத்தொண்டருக்குத் தெரியவில்லை. அந்த ஏழையைத்தான் காணோமே என்று முணுமுணுக்கிறார். உடையைக் கொண்டு வாருங்கள், உடுத்த ஏழை இருப்பான் என்கிறார் ஆயர். திருத்தொண்டருக்கு எரிச்சல் தாங்கவில்லை, பக்கத்துக் கடையில் ஐந்து வெள்ளிக் காசுக்குக் குட்டையான, சொரசொரப்பான ஒரு துணியை வாங்கிவந்து காலடியில் எறிந்து, இந்தாருங்கள் உடை, ஏழைதான் இல்லை என்றார். அவரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மார்ட்டின் அந்த மட்டமான துணியை மாட்டிக்கொண்டு திருப்பலி நிறைவேற்றப் போனார்.

முதல் கதையில் பாதி கொடுத்தார், இங்கே முழுசாகக் கொடுத்தார், அதுவும் கொடுத்தது தெரியாதபடி. நடுவில் பல வருடம் ஓடியிருக்கிறது.

நகருக்குள் கோயிலை ஒட்டிய சிற்றறையில் கொஞ்ச நாள் இருந்தார், பார்க்க வருகிறவர்கள் கூட்டம் தாங்கவில்லை. ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஓர் இடம் பிடித்தார், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் லுவார் ஆறு வளைந்து ஓடுகிறது, உள்ளே போக ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. பின்னால் மார்மூத்தியே என்று பேர்பெற்ற மடம் இதுதான். மார்ட்டினுக்கு மரத்தில் ஒரு குடிசை, மற்றவர்கள் பாறையைக் குடைந்து குகைகளில் இருந்தார்கள், சுமார் எண்பது பேர். யாருக்கும் சொந்தமாக ஒன்றும் கிடையாது, வாங்குவது விற்பது கிடையாது. நூல்களைப் பிரதியெடுப்பது ஒன்றுதான் தொழில், அதையும் இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மூத்தவர்களுக்குச் செபம். சாப்பாடு ஒருவேளை, எல்லாரும் சேர்ந்து. நோயாளியைத் தவிர யாருக்கும் திராட்சைமது இல்லை. பலருக்கு ஒட்டக ரோமத் துணி. இதில் கவனிக்க வேண்டியது, இவர்களில் நிறையப் பேர் பெரிய வீட்டுப் பிள்ளைகள், மெத்தையில் வளர்ந்தவர்கள். இந்தக் குகைகளிலிருந்து பலர் பிற்பாடு வேறு ஊர்களுக்கு ஆயர்களாகப் போனார்கள். துறவி ஆயரைக் கண்டு ஓடிய காலம் போய், எங்களுக்கும் இந்த மடத்திலிருந்து ஓர் ஆயர் வேண்டும் என்று ஊர்கள் கேட்கிற காலம் வந்துவிட்டது. மேற்கு ஐரோப்பாவில் துறவி-ஆயர் என்ற யோசனை வேர்பிடித்தது இப்படித்தான்.

கிராமங்களுக்கு நடந்தும் கழுதைமேலும் படகிலும் போவார். அதுவரை கிறிஸ்தவம் பெரும்பாலும் நகரத்துச் சமாச்சாரம். அம்புவாஸ், லான்ஜே, கான்டு என்று சிற்றூர்களில் கோயில்கள் கட்டினார், இன்றைய கிராமப் பங்குகளின் தொடக்கம் என்று சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை: கிராமங்களில் இருந்த பழைய தெய்வங்களின் கோயில்களை இடித்தார், எரித்தார், புனித மரங்களை வெட்டினார். ஓர் ஊரில், மரத்தை நாங்களே வெட்டுகிறோம், அது விழுகிற பக்கம் நீ நில், உன் சாமி காப்பாற்றட்டும் என்று சொன்னார்கள். கட்டிப்போட்ட இடத்தில் நின்றார், பைன் மரம் முறிந்து அவர்மேல் சாய்ந்தது, சிலுவை அடையாளம் போட்டதும் மறுபக்கம் திரும்பி விழுந்தது என்று வரலாறு எழுதியவர் சொல்கிறார். லெவ்ரூ என்ற ஊரில் மக்கள் அடித்துத் துரத்தினார்கள். தங்கள் தாத்தா பாட்டி கும்பிட்ட மரம் விழுவதைப் பார்த்த அந்தக் கிராமத்து ஆட்களின் வலியை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் பல ஆயர்கள் இப்படிச் செய்தார்கள் என்பது உண்மை, அதனால் அது சரியாகிவிடுவதில்லை.

ஆனால் தன் பக்கத்து நம்பிக்கைகளையும் அவர் அப்படியே விழுங்கவில்லை. மடத்துக்கு அருகே ஒரு கல்லறையை மறைசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) ஒருவருடையது என்று மக்கள் வணங்கிவந்தார்கள், முந்தைய ஆயர்கள் அங்கே பீடமும் வைத்துவிட்டார்கள். மார்ட்டின் மூத்த குருக்களைக் கூப்பிட்டு, யார் இவர், பெயர் என்ன, எப்போது இறந்தார் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அது தூக்கிலிடத்தக்க குற்றம் செய்து கொல்லப்பட்ட ஒரு கொள்ளைக்காரனின் கல்லறை என்று கண்டுபிடித்துப் பீடத்தை அகற்றினார்.

இனி வருவது கொஞ்சம் கனமான பகுதி. மார்ட்டினை வெறும் தர்மப்பிரபுவாக மட்டும் நினைப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

383-ல் மாக்சிமுஸ் என்ற தளபதி பேரரசர் கிராசியனை வீழ்த்திவிட்டு, ஜெர்மனியின் த்ரியர் நகரில் அரியணை ஏறினார். ஆயர்கள் அவர் அரண்மனையில் குவிந்தார்கள். மார்ட்டினும் சிலருக்காக மன்னிப்புக் கேட்கப் போனார், விருந்துக்கு வரமாட்டேன் என்று பல தடவை மறுத்து ஒரு தடவை போனார். பணியாளர் கிண்ணத்தைப் பேரரசரிடம் நீட்ட, ஆயருக்கு முதலில் கொடு, அவர் கையால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார் மாக்சிமுஸ். மார்ட்டின் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தன்னோடு வந்திருந்த குருவிடம் கொடுத்தார். சபையே அசந்துபோனது.

அதே த்ரியரில்தான் பிரிசில்லியன் வழக்கு. ஸ்பெயினின் ஆவிலா நகர ஆயர் இவர், கடும் தவம், உண்ணாநோன்பு, நிறையப் படிப்பு, கூடவே சந்தேகத்துக்கிடமான போதனைகள் என்று குற்றச்சாட்டு. முன்னால் நின்று குற்றம் சாட்டியவர் இத்தாசியுஸ் என்ற இன்னோர் ஆயர். 384-ல் போர்தோவில் ஆயர்கள் விசாரித்தார்கள், பிரிசில்லியன் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். வழக்கு அரசு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, அதுவும் மாந்திரீகக் குற்றமாக, அதற்குத் தண்டனை சாவு. மார்ட்டினுக்குப் பிரிசில்லியனின் போதனையில் உடன்பாடு கிடையாது. ஆனால் தவறாகப் போதித்தால் ஆயர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லிச் சபையைவிட்டு விலக்கினால் போதும், ரத்தம் சிந்தக் கூடாது, திருச்சபை வழக்கை அரசு நீதிபதி விசாரிப்பது இதுவரை கேள்விப்படாத அநியாயம் என்று பேரரசர் முகத்துக்கு நேரே சொன்னார். உடனே இத்தாசியுஸ் மார்ட்டினையும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றார். மார்ட்டின் இருந்தவரை விசாரணை தள்ளிப்போனது. உயிருக்கு ஆபத்து வராது என்று மாக்சிமுஸ் வாக்குக் கொடுத்தார், அதை நம்பி மார்ட்டின் ஊர் திரும்பினார். அவர் போனதும் வாக்கு காற்றில் போனது. 385 வாக்கில் பிரிசில்லியனும் தோழர்கள் சிலரும் கொல்லப்பட்டார்கள், அதில் யூக்ரோசியா என்ற பெண்ணும் ஒருவர். கிறிஸ்தவ அரசு ஒன்று, போதனைத் தகராறில் தொடங்கிய ஒரு வழக்கில் கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தது அதுதான் முதல் முறை. மிலான் ஆயர் அம்புரோசும் குற்றம் சாட்டிய ஆயர்களின் உறவை மறுத்தார்.

அத்தோடு நிற்கவில்லை. ஸ்பெயினில் மிச்சமிருந்தவர்களை வேட்டையாட அதிகாரிகளை அனுப்ப மாக்சிமுஸ் முடிவு செய்தார். அந்த அதிகாரிகள் எதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள்? வெளிறிய முகமும் எளிய உடையும் போதும், விசுவாசத்தையா சோதிக்கப் போகிறார்கள் என்று சுல்பிசியுஸ் எழுதுகிறார். யோசித்துப் பாருங்கள், மார்மூத்தியே குகைகளில் இருந்த எண்பது பேரும் அப்படித்தான் இருந்தார்கள். மார்ட்டின் மறுபடி த்ரியருக்குப் போனார். மாக்சிமுஸ் ஒரு விலை வைத்தார்: கொலைக்குக் காரணமான அந்த ஆயர்களோடு ஒரே பீடத்தில் நற்கருணையில் பங்கெடு, அதிகாரிகளைத் திரும்ப அழைக்கிறேன். மார்ட்டின் மறுத்தார். யாருக்காக மார்ட்டின் மன்னிப்புக் கேட்டு வந்தாரோ அந்த ஆட்களைக் கொல்ல உத்தரவு போய்விட்டது என்று இரவில் செய்தி வந்தது. அந்த இருட்டில் அரண்மனைக்கு ஓடி, சரி, பங்கெடுக்கிறேன், அவர்களை விடுங்கள், ஸ்பெயினுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். மறுநாள் பெலிக்ஸ் என்பவரின் ஆயர் அருள்பொழிவில் அந்த ஆயர்களோடு நின்றார். அப்படிப் பங்கெடுத்ததை உறுதிசெய்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதற்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

திரும்பும் வழியில், இன்றைய லக்ஸம்பர்க் பகுதியின் அந்தெத்தான்னா என்ற ஊருக்கு அருகே அடர்ந்த காடு. கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டுத் தனியாக உட்கார்ந்துவிட்டார். செய்தது சரியா, தப்பா என்று மனசாட்சி இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு வானதூதர் வந்து, நீ வருந்துவது நியாயம், ஆனால் உனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றதாகச் சொல்கிறார்கள். அதன்பிறகு நோயாளிகளைக் குணப்படுத்தும்போது முன்பிருந்த வல்லமை குறைந்துவிட்டது என்று கண்ணீரோடு அவரே சொல்வாராம். சாகும்வரை எந்த ஆயர் மாநாட்டுக்கும் போகவில்லை. புனிதர்களின் வரலாற்றில் இப்படி ஒரு பக்கத்தை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம், அவரைக் கொண்டாட எழுதியவரே இதை எழுதி வைத்திருக்கிறார். துறவியாக மட்டும் இருந்திருந்தால் மார்ட்டின் அந்தப் பீடத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை, கை சுத்தமாக இருந்திருக்கும். ஆயராக இருந்ததால் உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது, துறவியாக இருந்ததால் அதன் பாரம் கடைசிவரை அவரைவிட்டு இறங்கவில்லை.

397, நவம்பர். தூர் நகருக்குக் கீழே, வியேன் ஆறு லுவாரில் வந்து கலக்கும் இடத்தில் கான்டு என்ற சிற்றூர். அங்கே குருக்களுக்குள் சண்டை. உடம்பு முடியாத நிலையிலும் சமாதானம் செய்துவைக்கப் படகில் போனார், செய்தும் வைத்தார். கிளம்பும்போது உடம்பு விழுந்துவிட்டது. சாம்பல்மேல், சாக்குத்துணியில் படுத்திருந்தார், கொஞ்சம் வைக்கோலாவது போடுகிறோம் என்றால் மறுத்துவிட்டார். எங்களை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று சீடர்கள் அழுதார்கள். ஆண்டவரே, உம் மக்களுக்கு நான் இன்னும் தேவையென்றால் உழைக்க மறுக்கவில்லை, உம் விருப்பப்படி ஆகட்டும் என்று செபித்தார். நவம்பர் 8 அன்று இறந்தார்.

அப்புறம் உடலுக்காக இரண்டு ஊர் மோதிக்கொண்டது. எங்கள் மடத்துத் துறவி என்று போய்த்தியேக்காரர்கள், எங்கள் ஆயர் என்று தூர்க்காரர்கள். இறந்தபிறகும் அதே கேள்வி, துறவியா, ஆயரா! பேசிப் பேசி இருட்டிவிட்டது, கதவைப் பூட்டி நடுவில் உடலை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் காவல் இருந்தார்கள். நள்ளிரவில் போய்த்தியேக்காரர்கள் தூங்கிவிட்டார்கள். தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கி, வெளியே நின்றவர்கள் வாங்கி, படகில் ஏற்றிச் செபம் பாடியபடி லுவாரில் தூர் வரை கொண்டுபோனார்கள். பாட்டுச் சத்தத்தில்தான் போய்த்தியேக்காரர்கள் விழித்தார்களாம். நவம்பர் 11 அன்று அடக்கம், திருநாளும் அதனால் அன்றைக்குத்தான். 1483-ல் அதே நாளில் திருமுழுக்குப் பெற்ற ஒரு ஜெர்மன் குழந்தைக்கு மார்ட்டின் என்று பெயர் வைத்தார்கள், அந்தக் குழந்தைதான் மார்ட்டின் லூத்தர். ஜெர்மனியில் இன்றும் நவம்பர் 11-ஐ ஒட்டிய மாலைகளில் குழந்தைகள் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு பாடிப் போகிறார்கள்.

அந்தப் பாதி மேலாடை? அதைப் பிற்காலத்தில் அந்தப் பகுதியை ஆண்ட பிராங்க் அரசர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள், போருக்கும் எடுத்துப் போனார்கள். லத்தீனில் மேலாடைக்கு 'கப்பா', சின்னது என்றால் 'கப்பெல்லா'. அதை வைத்திருந்த வழிபாட்டு இடத்துக்கும் கப்பெல்லா என்றே பெயர் வந்தது, பார்த்துக்கொண்ட குருக்கள் 'கப்பெல்லானுஸ்'. நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் கல்லூரி விடுதியிலும் ஒரு மூலையில் நாலு பெஞ்சும் ஒரு சிலுவையுமாகச் சின்னதாக இருக்குமே, சேப்பல் என்று சொல்கிறோமே, அதைப் பார்த்துக்கொள்ளும் சாமியாரைச் சாப்ளின் என்கிறோமே, இரண்டும் அமியேன் வாசலில் அறுபட்ட அந்தத் துணியின் பெயர்தான்.